பாப்பா ஈறில் கட்டியோடு பிறந்த அந்த ஒன்பது நாள்

பாப்பா பிறந்ததும் நல்லாவே அழுதாள். அதற்கப்புறம் அந்த ரூமில் யாருமே பேசவில்லை. விடியற்காலை நாலு மணி, திருச்செங்கோட்டில் ஒரு நர்சிங் ஹோம், சுகப்பிரசவம். பிள்ளை பிறந்ததும் "பொண்ணுங்க", "பையனுங்க" என்று சொல்லி முகத்தைக் காட்டுவார்கள் இல்லையா, எனக்கு அதை யாரும் செய்யவில்லை. ஒரு நர்ஸ் துண்டில் சுற்றி, துண்டின் முனையை வாய்க்கு மேலே மடித்துவிட்டு, விளக்குக்குக் கீழே போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "ஏனுங்க சிஸ்டர், என்ன குழந்தைங்க" என்று மூணு தரம் கேட்டேன். தையல் போட்டு முடித்த கையோடு டாக்டர்தான் சொன்னார், "பொண்ணுதாம்மா. வாயில ஒரு கட்டி இருக்குது, ஈரோட்டுக்கு அனுப்பிரலாம்." அவ்வளவுதான். என்ன கட்டி, எதனால், உயிருக்கு ஆபத்தா, ஒன்றும் இல்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது இப்போது புரிகிறது. தெரியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

துண்டை விலக்கிப் பார்த்ததை மறக்க முடியாது. மேல் ஈறில், நடுவில் இருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, பன்னீர் திராட்சை அளவுக்கு ஒரு உருண்டை வெளியே தொங்கியது. கொடுக்காப்புளியைப் பிளந்தால் வெள்ளைச் சுளையில் ஒரு ரோஸ் நிறம் ஓடுமே, அந்த நிறம். மழமழவென்று ஈரமாக இருந்தது, அழும்போது நாக்கோடு சேர்ந்து அதுவும் ஆடியது, அதனால் மேல் உதடும் கீழ் உதடும் சேரவே இல்லை. எங்க அம்மா பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மெதுவாக ஒரு விரலால் தொட்டேன். கெட்டியாக, பென்சில் ரப்பராட்டம் இருந்தது. பாப்பா முகம் சுளிக்கக்கூட இல்லை, அவளுக்கு அது வலிக்கவே இல்லை. அந்த ஒரு விசயம் மட்டும் எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது.

எங்க வீட்டுக்காரர் அப்போது சத்தீஸ்கரில், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு. திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ரிக் வண்டி வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும், பாதி இடத்தில் போனும் எடுக்காது. எங்க அப்பா இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆக பெற்ற உடம்போடு கையெழுத்துப் போட்டதில் இருந்து பணம் கட்டியது வரை எல்லாம் நான்தான். காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜன் வைத்த வண்டி, 5,500 ரூபாய். பாப்பா சாதாரணமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், உடம்பு சிவப்பாக இருந்தது, நெஞ்சு உள்ளே இழுக்கவில்லை. 108இல் பச்சைக்குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஒரு மருத்துவமனையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் வருவார்கள், காசு கிடையாது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஈரோட்டில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. போனதும் பாப்பாவை ஐசியூவுக்குள் எடுத்துக்கொண்டார்கள், கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் வெளியே நாற்காலியில். மத்தியானம் ஒரு டாக்டர் வந்து "டியூமர் மாதிரி இருக்குது, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்" என்றார். டியூமர் என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் புற்றுநோய். கட்டி எதுவாக இருந்தாலும் அவர்கள் பாஷையில் டியூமர்தான், அதில் கெடுதல் இல்லாத கட்டிதான் பாதிக்கு மேல் என்று சொல்ல ஒரு நிமிசம் ஆகியிருக்காது. ராத்திரி முழுக்கப் போனில் படம் படமாகப் பார்த்தேன். எல்லாம் கோரமான படங்கள். எதுவுமே பாப்பாவுக்கு இருந்த மாதிரி இல்லை, ஆனாலும் எல்லாமே அவளுக்கு வரப்போகிற மாதிரி தெரிந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ராத்திரி நான் தூங்கியிருந்தால் எனக்குப் பாலாவது சுரந்திருக்கும்.

பால் விசயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் ரொம்பத் தப்பு பண்ணியது அங்கேதான். கட்டி குறுக்கே நிற்பதால் பாப்பாவால் மார்பைக் கவ்வ முடியவில்லை. முதல் நாள் இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன், வழுக்கி வழுக்கி விட்டுவிட்டு அழுதாள். ஐசியூவில் பவுடர் பால் ஆரம்பித்துவிட்டார்கள். சரி, அவள்தான் குடிக்கவில்லையே என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு நாள் நான் பாலைப் பீய்ச்சவே இல்லை. மூணாவது நாள் மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்தது. குழந்தை கவ்வாவிட்டாலும் தாய் இரண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம், ராத்திரியும் சேர்த்து, கையாலோ பம்ப் வைத்தோ பாலை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வருவது மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும், ஒரு ஸ்பூன் கூடத் தேறாது. அது சீம்பால், அந்தச் சொட்டையும் வீணாக்கக் கூடாது. எடுத்த பால் சாதாரணமாக வெளியில் நாலு மணி நேரம் வரைக்கும் தாங்கும், நம்ம ஊர் வெயிலுக்கு அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது, ஃபிரிட்ஜில் உள்தட்டில் வைத்தால் நாலு நாள். இதையெல்லாம் எனக்கு மூணாவது நாள் ராத்திரி டூட்டிக்கு வந்த ஒரு வயதான நர்ஸம்மா சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார், சங்கில் பால் ஊற்றுவது. நம்ம வீடுகளில் பாலாடை என்றும் சொல்வோம், சங்கு என்றும் சொல்வோம், மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம். எங்க அம்மா காலத்தில் குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, தொண்டைக்குள் ஊற்றுவார்கள். அது கூடவே கூடாது, பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நர்ஸம்மா பாப்பாவை நிமிர்த்தி உட்காருகிற மாதிரி சாய்த்து வைத்து, தலைக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்து, கட்டி இல்லாத பக்கம், இடது கன்னத்தின் உள்பக்கமாகச் சங்கின் மூக்கை வைத்தார். ஊற்றவில்லை, உதட்டில் பால் படுகிற மாதிரி சாய்த்து மட்டும் பிடித்தார். பாப்பாவே நாக்கை நீட்டி நக்கி நக்கி எடுத்தாள். முழுங்குகிற சத்தம் 'க்ளுக்' என்று கேட்டது. ஒரு தரம் முழுங்கிய பிறகுதான் அடுத்தது. முப்பது மில்லி இறங்க அரை மணி நேரம் ஆனது, ஆனால் இறங்கியது. நான் அழுத அழுகையில் நர்ஸம்மாவே, "ஏஞ்சாமி அழுகறே, அதுதான் குடிக்குதல்ல" என்றார்.

அவர் போகும்போது மெதுவாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. "கண்ணு, நான் டாக்டர் இல்லை. ஆனா புள்ள மூச்சு நல்லா விடுது, பாலும் எறங்குது. அப்ப உனக்கு நேரம் இருக்குது. குழந்தைகளுக்கு ஆபரேசன் பண்ற டாக்டர் ஒருத்தர்கிட்டக் காட்டாம எதுக்கும் சம்மதிக்காதே." மூச்சு விடுகிறதா, பால் இறங்குகிறதா. முதல் நாளே இந்த இரண்டு கேள்வியை யாராவது என் கையில் கொடுத்திருந்தால் மூணு நாள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றால் விசாரித்து, சரியான டாக்டரைத் தேடிப் போக நேரம் இருக்கிறது. மூச்சில் சத்தம் வந்தாலோ, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பால் முழுங்கும்போது திணறினாலோ, கட்டியில் ரத்தம் கசிந்தாலோ ஒரு நிமிசம் நிற்கக் கூடாது, பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே ஓட வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் நடந்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நாள் ஊரில் இருந்து சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்துல வெளிய கிளிய வந்தியா கண்ணு?" எங்க அம்மாவும் அதையே கேட்டார். நான் கிரகணத்தன்றைக்கு வீட்டுக்குள்தான் இருந்தேன், அதையும் பத்துப் பேரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஒருத்தர், எனக்கு ரொம்பப் பிரியமானவர்தான், "பாலுண்ணிக்குக் கட்டறாப்பல ஒரு முடியோ நூலோ எடுத்து அடியில இறுக்கிக் கட்டி உட்டா ஒரு வாரத்துல உதுந்துரும், எதுக்கு ஆசுபத்திரிக்குக் காசு" என்றார். எனக்கு அது சரி என்றே பட்டது. நூல் எடுத்து வரச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பாப்பா ஐசியூ கண்ணாடிக்குள் இருந்ததால்தான் பிழைத்தோம். அந்தக் காம்புக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது, பச்சைக்குழந்தைக்கு உடம்பில் இருப்பதே கால் லிட்டர் சொச்சம் ரத்தம்தான், வாய்க்குள் கசிந்தால் முழுங்கிவிடும், வெளியே தெரியக்கூடத் தெரியாது. நூலும் வேண்டாம், தேன், வசம்பு, விளக்கெண்ணெய் தடவுவதும் வேண்டாம். தேனை ஒரு வயது வரைக்கும் எந்தக் குழந்தைக்கும் சேனை வைக்கக்கூடக் கொடுக்கக் கூடாது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுதிக் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் பண்ணுகிற ஒரு டாக்டரிடம் காட்டப் புறப்பட்டேன். "உங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறீங்க" என்று மூணு இடத்தில் கையெழுத்து. பில் 46,000. சிடி ஸ்கேனை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கிளம்பும்போது கேட்டு வாங்க வேண்டிய காகிதங்களை வாங்காமல் வந்தது அடுத்த தப்பு. ரத்தப் பரிசோதனை முடிவு, என்னென்ன ஊசி போட்டார்கள், பிறந்த எடை, ஒவ்வொரு நாள் எடை எல்லாம் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம் கையில் வேண்டும். கோயம்புத்தூர் டாக்டர் கேட்ட முதல் கேள்வி "பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டாங்களா?" ரத்தம் உறைவதற்கான ஊசி அது, பிறந்த எல்லாக் குழந்தைக்கும் தொடையில் போடுவார்கள், ஆபரேஷனுக்கு முன்னால் அது தெரிந்தே ஆக வேண்டும். என் காகிதத்தில் இல்லை. நர்சிங் ஹோமுக்குப் போன் பண்ணி, அவர்கள் நோட்டைத் தேடி எடுத்து, போட்டாச்சு என்று சொல்ல ஒரு மணி நேரம் ஆனது.

காரில் பெருந்துறை, அவிநாசி தாண்டிப் போகிற வழியெல்லாம் பாப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியே போனேன். கோவையில் அந்தக் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் பாப்பாவைப் பார்த்த விதமே வேறு. விளக்கை அடித்து, கட்டியைக் கையுறை விரலால் தூக்கி, அடியில் காம்பு எவ்வளவு அகலம் என்று பார்த்தார். அண்ணத்தைப் பார்த்தார், கீழ் ஈறைப் பார்த்தார், வேறு கட்டி இருக்கிறதா என்று. பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேல் இருக்குமாம். அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "இது கேன்சர் இல்லைம்மா. முதல்ல அதை மனசுல வாங்கிக்கங்க. முழுசா உறுதி பண்ண எடுத்த பிறகு பரிசோதனைக்கு அனுப்புவோம், ஆனா பார்த்த வரைக்கும் இது எப்யூலிஸ்."

அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நான் படித்து உறுதி செய்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பிறவி எப்யூலிஸ் என்று பெயர், எப்யூலிஸ் என்றால் கிரேக்க மொழியில் ஈறின் மேல் இருப்பது என்று அர்த்தம். ஜெர்மன் மருத்துவர் நியூமன் 1871இல் முதலில் எழுதி வைத்ததால் நியூமன் கட்டி என்றும் சொல்வார்கள். ரொம்ப அபூர்வம், பெரும்பாலான பிரசவ டாக்டர்கள் வாழ்நாளில் ஒன்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பெண் குழந்தைகளுக்குத்தான் அதிகம், ஓர் ஆண் குழந்தைக்கு எட்டில் இருந்து பத்துப் பெண் குழந்தைகள் என்கிற கணக்கு. ஏன் அப்படி என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கீழ் ஈறைவிட மேல் ஈறில் இரண்டு மூணு மடங்கு அதிகம், அதுவும் முன்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையில். சில மில்லிமீட்டரில் இருந்து ஒன்பது சென்டிமீட்டர் வரை பார்த்திருக்கிறார்கள். எனக்கு நிம்மதி தந்தது அடுத்துச் சொன்னதுதான். இது வயிற்றுக்குள் இருக்கும்போது வளரும், பிறந்த பிறகு வளராது. சின்னதாக இருந்தால் சில குழந்தைகளுக்குத் தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு. வெட்டி எடுத்தால் திரும்ப வராது, அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வராது. புற்றாக மாறியதாக இதுவரை ஒரு குழந்தையும் இல்லை. பின்னால் வருகிற பல்லையும் கெடுப்பதில்லை.

"அஞ்சாவது மாச ஸ்கேன்ல ஏனுங்க தெரியல?" என்று கேட்டேன். அந்த ஸ்கேன் எடுத்த இடத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. கடைசி மூணு மாதத்தில்தான் இது வெளியே தெரிகிற அளவுக்கு வளரும், அஞ்சாவது மாதத்தில் எந்த மிசினில் பார்த்தாலும் இருந்திருக்காது என்றார். ஆக யார் மேலும் தப்பில்லை. நான் தின்றது, தின்னாதது, தூங்கின பக்கம், கிரகணம், ஒன்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரம்பரையும் இல்லை. இதை எங்க அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். டாக்டர் சலிக்காமல் சொன்னார். அம்மா கேட்டுவிட்டு வெளியே வந்து, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது சாமி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு நாற்பது கிலோமீட்டர் போயிருப்பேன்.

ஈறில் தெரிகிற எல்லாமே இதுதான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சின்னச் சின்ன வெள்ளை முத்துக்களாக ஈறிலோ அண்ணத்திலோ இருந்தால் அது ரொம்ப சகஜம், சில வாரத்தில் தானே மறையும், ஒன்றும் செய்ய வேண்டாம். சில குழந்தை பல்லோடே பிறக்கும், அதுவும் சகுனம் கிகுனம் இல்லை, டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிட வேண்டும், ஆடினால் உடனே காட்ட வேண்டும். பிறந்த பிறகு நாளுக்கு நாள் பெரிதாகிற கட்டி, நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கிற கட்டி, அழும்போது புடைத்துச் சிவக்கிற கட்டி, அண்ணத்தில் இருந்து இறங்குகிற கட்டி, இதெல்லாம் வேறு வகை, அதற்கு ஸ்கேனும் அவசரமும் தேவைப்படலாம். அதனால்தான் முதல் நாளே ஒரு ஸ்பூனைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். நான் எடுத்த மூணு போட்டோவை வரிசையாகப் பார்த்துத்தான் டாக்டர், கட்டி வளரவில்லை என்று சொன்னார். காம்பு மெலிதாக இருப்பதால் சிடி ஸ்கேன் தேவையில்லை என்றும் சொன்னார். எல்லாக் குழந்தைக்கும் அப்படி இல்லை, கேட்டு முடிவு பண்ண வேண்டும்.

ஆபரேஷனை உடனே வைக்கவில்லை. பாப்பா பிறக்கும்போது 2 கிலோ 900, அன்றைக்கு 2 கிலோ 620. பிறந்த குழந்தை முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்கு வரை எடை இறங்கும், இவள் அந்த எல்லைக்கே வந்திருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாள் சங்கில் என் பாலைக் கொடுத்து, எடை இறங்குவது நின்ற பிறகு திங்கட்கிழமை என்றார். அந்த இரண்டு நாள் என் வேலை, பால் எடுப்பது, ஊட்டுவது, ஈரத்துணியை எண்ணுவது. ஒரு நாளைக்கு ஆறு தரமாவது ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்க வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். இரண்டு ரயில் மாறி, சட்டையெல்லாம் மண்ணும் கிரீஸுமாக, கை கழுவிவிட்டு வந்து பாப்பாவைக் கையில் வாங்கினார். கட்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கு எங்க அம்மாளாட்டவே இருக்குது" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆபரேஷனுக்கு நாலு மணி நேரம் முன்னால் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். பசியில் அவள் அழுகிறபோது கொடுக்காமல் இருப்பது ரொம்பக் கொடுமை. அந்த நேரம் குழந்தையைப் பால் வாசனை இல்லாத ஆள் வைத்திருக்க வேண்டும், நான் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேறு ரூமில் உட்கார்ந்தேன். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள். மயக்கம் கொடுக்கிற டாக்டர் பச்சைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ஆபரேஷன் டாக்டரைவிட அதுதான் முக்கியம், ஏனென்றால் வெட்டுகிற வேலை பதினைந்து நிமிசம்தான். காம்பைச் சூடு வைக்கிற கருவியால் வெட்டி, ரத்தம் நிறுத்தி, கரைகிற தையல் இரண்டு. உள்ளே போய் வெளியே வர மொத்தமாக முக்கால் மணி நேரம். வெளியே வந்து ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார்கள், மருந்துத் தண்ணிக்குள் அது மிதந்தது. ஏழு நாள் எங்களை ஆட்டிப்படைத்தது அவ்வளவுண்டுதான்.

மூணு மணி நேரம் கழித்துச் சங்கில் பால். ராத்திரி ஒரு தரம் மார்பில் வைத்தேன், கவ்வவில்லை, பழக்கமே இல்லையே. விடியற்காலை அஞ்சு மணி இருக்கும், அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். மேல் உதடு முதல் தடவையாகக் கீழே வந்து மூடியது. அப்படியே வாயைத் திறந்து இழுத்தாள். சுருக்கென்று எனக்கு வலித்தது, கண்ணில் தண்ணி வந்தது, நான் அசையவே இல்லை. அம்மா கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தார், எழுப்பக்கூட இல்லை. சில குழந்தைக்குக் கவ்விப் பழக ஒரு வாரம்கூட ஆகும், அதுவரைக்கும் சங்கை விடக் கூடாது, பாட்டிலுக்குப் போனால் மார்புக்குத் திரும்புவது கஷ்டம்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தோம். பரிசோதனை முடிவு வர இன்னும் ஒரு வாரம். அந்த வாரமும் கஷ்டமாகத்தான் இருந்தது, டாக்டர் எத்தனை சொன்னாலும் காகிதத்தில் பார்க்கிற வரைக்கும் மனசு கேட்காது. முடிவில் கிரானுலர் செல் என்று இருந்ததும் மறுபடி பயந்துவிட்டேன், அது இந்தக் கட்டியின் செல்லுக்குப் பெயர்தான். எஸ்-100 என்கிற புரதத்துக்கான சோதனை நெகட்டிவ் என்றும் போட்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற அதே பெயர் கொண்ட இன்னொரு கட்டியில் அது பாசிட்டிவாக இருக்கும், இதில் நெகட்டிவ், அதை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டின் அசலைப் பத்திரமாக வையுங்கள்.

பணக் கணக்கு. பிரசவச் செலவு தனி. ஆம்புலன்ஸ் 5,500, ஈரோடு 46,000, கோவை 58,000, கார், தங்கல், சாப்பாடு 9,000. மொத்தம் 1,18,500. அஞ்சு பவுன் ஆரத்தை அடகு வைத்தோம், மீட்க எட்டு மாதம் ஆனது. கோவைப் பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. முதல் 51,500தான் வயிறு எரிகிறது. எங்களிடம் இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் அந்தப் பாலிசியில் குழந்தை 91ஆம் நாளில் இருந்துதான் சேரும், பிறந்த அன்றைக்கே சேர்கிற மாதிரியும் பாலிசி உண்டு. கல்யாணமான உடனே அந்த ஒரு வரியை எடுத்துப் படியுங்கள், பிறவிக் குறைக்கு உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, வருமானம் 1,20,000க்குள் இருக்கிற குடும்பங்களுக்குக் கொடுப்பது, மாமியார் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. இதற்குச் செல்லுமா என்று நான் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பிறவிக் குறையோடு பிறக்கிற குழந்தைகளுக்கென்றே 2013இல் இருந்து மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் ஓடுகிறது, அதற்கு மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம், டெய்க் (DEIC) என்பார்கள். எங்க ஊர் நர்ஸம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது, நான்தான் அவருக்குப் போனே பண்ணவில்லை. அந்த நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104க்குப் போன் பண்ணினால் தமிழிலேயே சொல்வார்கள், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

பாப்பாவுக்கு இப்போது ஒரு வயது முடிந்து மூணு மாதம். கீழே இரண்டு பல் முதலில் வந்தது, மேலே வரும்போது எனக்கு மறுபடி படபடப்பு, தினம் விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தையல் போட்ட இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கிறது, விளக்கு அடித்தால்தான் தெரியும். போன மாதம் சரியாக அந்தக் கோட்டை ஒட்டி ஒரு பல் முளைத்துவிட்டது, நேராகவே வருகிறது. ராகிக்களி ஊட்டும்போது ஸ்பூனைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். நூல் கட்டச் சொன்ன ஆத்தாதான் இப்போது தினம் சாயங்காலம் வந்து அவளைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போகிறார்.